மூன்றடிக் குழி

"மூணடி தோண்டணும்னு சொல்றீங்களே தம்பி, யாரு நெலத்துல?"

கஜா புயல் அடித்து இரண்டு மாதம் கழித்து, 2019 பொங்கல் முடிந்த வாரத்தில், வேதாரண்யம் பக்கத்துச் சேரி ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். கூட்டத்தின் கடைசியில், சாய்ந்து கிடந்த தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்து அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையில் படம் போட்ட அட்டை. அதில் ஒரு குடிசையின் கால் மண்ணுக்குள் மூன்றடி இறங்கியிருந்தது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு அளவும் எழுதியிருந்தது. நிலம் யாருடையது என்று அந்தப் படத்தில் இல்லை.

ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. மனைப்பட்டா மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. எழுதினால் யாருக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

நான் கொத்தனாரும் இல்லை, பொறியாளரும் இல்லை. வன்கொடுமை வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வைப்பது, நிவாரணப் பட்டியலில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கச் சொல்லி தாலுகா அலுவலகத்தில் உட்காருவது, இதுதான் இத்தனை வருடமாக என் வேலை. கட்டுமானத்தோடு எனக்குள்ள உறவு ஒன்றே ஒன்று. என் அம்மா சித்தாள். சிமெண்ட் சட்டி சுமந்து என்னைப் படிக்க வைத்தவர். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை ஏறிய பிறகு, யார் எந்த வேலைக்குத் தகுதியானவர் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. லட்சத்துக்கும் மேல் குடிசைகள் போயின. சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் தார்ப்பாய் கொடுத்தது, பாத்திரம் கொடுத்தது, பிறகு 'பேரிடர் தாங்கும் வீடு கட்டும் பயிற்சி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சேரிகளுக்குள் அழைத்துப் போக உள்ளூர் ஆள் வேண்டும். மூன்று நாள் எனக்குப் பாடம் நடத்தி, அட்டைகளையும் ஒரு ஃபிளெக்ஸ் பேனரையும் கையில் கொடுத்தார்கள். நானும் பயிற்சியாளன் ஆகிவிட்டேன்.

பாடம் மோசமான பாடம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புயல் காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. வாசல் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைக் குடை மாதிரி பிடுங்குகின்றன. அதனால் கூரையின் கனத்தை நம்பக் கூடாது, கட்டை நம்ப வேண்டும். கீற்று வரிச்சலோடும், வரிச்சல் கைமரத்தோடும், கைமரம் விட்டத்தோடும், விட்டம் காலோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்த இடத்தில் பிய்யும். தாவாரம் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீளக் கூடாது, நீண்டால் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி. திண்ணைச் சார்பைத் தனியாகப் போட வேண்டும். அது பறந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முகப்பு திறந்திருக்கும் கூரையைவிட நாலு பக்கமும் சரிந்த கூரை காற்றை வழுக்கிவிடும்.

இதில் பாதி அங்கிருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. "மொதல்ல வடக்கேருந்து அடிச்சுது. அப்புறம் நின்னுபோச்சு. முடிஞ்சுதுன்னு புள்ளைங்கள எழுப்பி வெளில வந்தோம். திரும்பித் தெக்கேருந்து அடிச்சுது பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு" என்று ஒரு அக்கா சொன்னார். புயலின் கண் தலைக்கு மேலே கடந்துபோவதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த அட்டையிலும் நான் பார்க்கவில்லை. வடக்குக் காற்றில் தளர்ந்த கட்டை தெற்குக் காற்று அவிழ்த்துவிட்டது. அதனால்தான் மூலைக்கு மூலை குறுக்காக மூங்கில் வைத்துக் கட்டுவதைப் பற்றி நான் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒரு முழ உயரத்தில் இரண்டு மாதிரிக் குடிசை கட்டிக் கொண்டுபோயிருந்தோம். ஒன்றில் குறுக்குக்கட்டு இல்லை, மற்றதில் இருந்தது. ஒரு சிறுமியைக் கூப்பிட்டு விரலால் தள்ளச் சொன்னோம். முதலாவது அப்படியே சாய்ந்து படுத்தது. இரண்டாவதை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. கைத்தட்டல் எழுந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த அட்டையை எடுத்தேன். காலை மூன்றடி ஆழத்தில் நட வேண்டும், அடியில் தார் பூச வேண்டும், புதையும் நுனியில் குறுக்குக்கட்டை ஒன்றை ஆணியடிக்க வேண்டும், அப்போதுதான் காற்றால் பிடுங்க முடியாது என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அந்தச் சேரியில் 38 வீடுகள். ஒன்பது குடும்பங்களுக்கு மட்டும் பட்டா உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறை எப்போதோ நிலம் எடுத்துக் கொடுத்த மனைகள். மீதி 29 குடும்பங்களும் பண்ணையார் தோப்பின் விளிம்பில் இருப்பவர்கள். பெரியவரின் அப்பா காலத்திலிருந்து அங்கேதான். அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையில் ஆள் வேலை. குடியிருக்க இடம் கொடுத்தது பண்ணை, அதனால் எந்த நேரமும் 'எழுந்து போ' என்று சொல்லும் உரிமையும் பண்ணைக்கு. இதுதான் ஏற்பாடு.

"ஒன்ற அடிக்கு மேல கடப்பாரை எறங்குனா காரியக்காரருக்குச் சேதி போயிரும் தம்பி. என்னடா, கோட்டையா கட்டுறன்னு வந்து நிப்பாரு. எங்கப்பாரு கூலி கூடக் கேட்டாருன்னு ரெண்டு தடவ வூட்டப் புடுங்குனானுவோ. நாலு பேரு வந்தானுவோ, கால ஆட்டுனானுவோ, வந்துருச்சு. ஒரு மணி நேரங்கூட ஆவல. காத்து புடுங்குறது இருக்கட்டும். மனுசன் புடுங்குறதுக்குத் தோதாத்தான் எங்க வூடு இருக்கணும்."

நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

இத்தனை வருடம் சாதியைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தவன் நான். ஒரு குடிசைக் காலின் ஆழத்தில் சாதி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் குடிசைகள் பறந்ததற்குக் காரணம் அறியாமை என்று நினைத்து அதைப் போக்க அட்டையோடு போயிருந்தேன். ஆழமாக நட்டால் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? பண்ணை வீட்டு நெற்பட்டறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கால் நட்டவரே அவர்தான். அந்தக் கொட்டகை கஜாவில் ஓடு பறந்ததோடு நின்றுவிட்டது, கால் அசையவில்லை. அதற்கு எத்தனை அடி தோண்டினீர்கள் என்று கேட்டேன். "நாலு" என்றார்.

தீண்டப்படாதவர்கள் ஊரில் என்னவெல்லாம் செய்யக் கூடாது என்ற விதிகளை அம்பேத்கர் ஒரு பட்டியலாக எழுதியிருக்கிறார். ஓடு வேய்ந்த வீடு கட்டுவது அதில் ஒரு குற்றம். குடியிருப்பு ஊருக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் வரும். படித்தபோது அதை மானப் பிரச்சினையாக மட்டும் புரிந்துகொண்டிருந்தேன். நல்ல வீடு கட்டினால் சமமாகிவிடுவான் என்ற எரிச்சல் என்று. அதைவிடக் காரியமான ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது. சுலபமாகக் கழற்றக்கூடிய வீட்டில் இருப்பவன் கூலி உயர்வு கேட்க மாட்டான்.

இதே நாகை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், கூலி கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தபோது அதைப் பூட்டிக் கொளுத்தினார்கள். 44 உயிர். 1968 டிசம்பர் 25. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல், குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தால் தஞ்சை, நாகைப் பக்கம் பலருக்கு மனை கிடைத்தது உண்மை. கிடைக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. கோயில், மடத்து நிலங்களில் இருப்பவர்களின் கதை வேறு. அங்கே தலைமுறைகளாகக் குடியிருந்தும் வாடகைதாரர்தான், நிரந்தரக் கட்டடம் என்றால் அனுமதி கேட்டு நடக்க வேண்டும். புயல் வந்து போனதும் அரசு வீடு என்று அறிவிப்பு வரும். விண்ணப்பத்தின் முதல் கேள்வியே பட்டா எண். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதவருக்குத் தார்ப்பாய்.

நிவாரணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழுதாக இடிந்த குடிசைக்கு அரசு அறிவித்தது 10,000 ரூபாய். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500. தோப்பு வைத்திருந்தவர்களின் இழப்பை நான் சிறிதாக்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் என்று அழுத சிறு விவசாயிகளையும் பார்த்தேன். ஆனால் பத்து மரத்தின் விலைக்கும் கீழே ஒரு குடும்பத்தின் வீடு இருந்தது.

அன்று கூட்டம் அப்படியே கலைந்திருக்கும். கலையாமல் பிடித்து நிறுத்தியது, தெற்குக் காற்றைப் பற்றிச் சொன்ன அதே அக்காதான். "பேனரு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அத எங்க கட்டப் போறீங்க?" என்று கேட்டார். பயிற்சி நடக்கும் இடத்தில் என்றேன். "வேணாம். தெருமுனையில, ரோட்டப் பாக்கக் கட்டுங்க."

எனக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் 'பேரிடர் தாங்கும் வீடுகள் – பயிற்சி முகாம்' என்று பேனர் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நிறுவனத்தின் சின்னம், இன்னொரு ஓரத்தில் ஏதோ வெளிநாட்டுச் சின்னம். அதன் நிழலில் 29 வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் குழி தோண்டினார்கள். ஒருவர் மட்டும் தோண்டினால் அவர் திமிர் பிடித்தவர், 29 பேரும் தோண்டினால் அது முகாம். காலுக்குத் தென்னை மரம். பண்ணைத் தோப்பில் விழுந்து கிடந்தவைதான். அவற்றை அகற்ற ஆள் கிடைக்காமல் பண்ணையே 'எடுத்துக்கொண்டு போங்கள்' என்று சொல்லியிருந்தது. முற்றிய தென்னையின் அடிப்பகுதி இரும்பு மாதிரி, நுனிப்பகுதி சோறு. அதனால் அடியிலிருந்து எடுத்த துண்டுகளை மட்டும் காலுக்கு வைத்தார்கள். தார் காய்ச்சி அடியில் பூசினோம். குறுக்குக்கட்டை அடித்தோம். பெரியவர் ஒரு குச்சியில் மூன்றடிக்கு வெட்டுக் குறி போட்டு, ஒவ்வொரு குழியாக இறக்கிப் பார்த்துக்கொண்டே போனார். குறி மண்ணுக்கு மேலே தெரிந்தால் "இன்னும் ஒரு சாண்" என்பார். அவ்வளவுதான் பேசினார்.

பதினொரு மணி இருக்கும், காரியக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பேனரைப் படித்தார். இறங்கவில்லை.

"என்னடா இது?"

"பயிற்சிங்க. கலெக்டரு சொல்லிருக்காராம். அவரு சென்னையிலேருந்து வந்துருக்காரு" என்று என்னைக் காட்டினார் ஒருவர்.

கலெக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் சென்னையிலிருந்து வரவும் இல்லை, திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு வணக்கம் மட்டும் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். நிறுவனத்துக்கு நான் அனுப்பிய அறிக்கையில் '29 குடும்பங்கள் பாதுகாப்பான கால் நடும் முறையைக் கற்றுக்கொண்டன' என்று எழுதினேன். கற்றுக்கொண்டது நான் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

பட்டா இருந்த ஒன்பது குடும்பங்களின் கதை வேறு. அவர்களில் ஏழு பேர் பெயர் பிரதமர் வீட்டுத் திட்டப் பட்டியலில் இருந்தது. ஒன்றிய அரசுத் திட்டத்தில் 1,20,000 ரூபாய், கான்கிரீட் தளத்துக்கென்று மாநில அரசு 50,000, ஆக 1,70,000. நூறு நாள் வேலையில் 90 நாள் கூலி தனி. குறைந்தது 269 சதுர அடி. அந்தப் பணத்தில் அந்த அளவு வீடு கட்ட முடியுமா என்று எந்தக் கொத்தனாரையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். துண்டு விழும் பணத்துக்குக் கந்துவட்டி. வட்டி கட்ட முடியாதவர்கள் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக ஒப்படைத்தார்கள். தவணை வரும்போது அவர் எடுத்துக்கொள்வார், வீட்டை அவர் முடித்துக் கொடுப்பார். திட்டத்தின்படி பயனாளிதான் கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரர் கூடாது. அது காகிதத்தில்.

காலனி என்றால் உங்களில் பலருக்கும் ஒரு வீடு கண் முன்னால் வரும். உள்கூரையில் சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரியும் தொகுப்பு வீடு. படுத்திருக்கும் குழந்தை மேல் காரை விழாமல் இருக்க உள்ளேயே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பது இந்தப் பயிற்சியில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கம்பியைச் சுற்றிப் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இல்லை. சென்ட்ரிங் பலகையிலிருந்து கம்பியைத் தூக்கி வைக்கும் கவர் பிளாக் வைக்காமல், பலகை மேலேயே கம்பியைப் போட்டுக் கலவையைக் கொட்டிவிடுகிறார்கள். கலவையில் சிமெண்ட் குறைவு. தண்ணீரில் உப்பு. உப்பு கம்பியைத் தின்னும். துரு ஏறிய கம்பி ஊதும், ஊதியதும் காரையைப் பிளந்து தள்ளும். வேதாரண்யம் உப்பளத்து மண். போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அதைத்தான் கலவைக்கு ஊற்றுவார்கள்.

குடிக்க முடியாத தண்ணீரைக் கலவைக்கு ஊற்றாதீர்கள் என்பதுதான் நாங்கள் சொன்ன எளிய விதி. சொன்னவுடனே ஒரு பெண் கேட்டார்: "குடிக்கிற தண்ணியே ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. கொள்ளிடத்துத் தண்ணிய வூட்டுக்கு ஊத்திட்டு நாங்க என்னத்தக் குடிக்கிறது?" பதில் அவர்களே கண்டுபிடித்தார்கள். மழைத் தண்ணீர் நிற்கும் குளம் ஒன்று அரைக் கிலோமீட்டரில் இருந்தது. ஏழு வீட்டுக்கும் பெண்கள் குடத்தில் சுமந்தார்கள். கலவைக்கு மட்டுமல்ல, தளம் போட்டபின் பத்து நாளைக்கு மேல் நனைப்பதற்கும். அந்தக் குளத்தில் எங்களை இறங்க விடாத காலம் ஒன்று இருந்தது என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த அக்காவின் வீட்டில் லிண்டல் மட்டம் வந்த நாளில் நான் இருந்தேன். சுவரைச் சுற்றி இடைவிடாமல் ஒரு கான்கிரீட் பட்டை ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டுவதுபோல அது நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்கும். ஒப்பந்தக்காரர் ஜன்னல், கதவுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடச் சொல்லியிருந்தார். அதிலும் ரிங் கம்பியின் முனையை உள்பக்கம் மடக்காமல் சும்மா தொட்டுவிட்டிருந்தார்கள். அந்த முனை உள்ளே மடங்கியிருந்தால்தான் அசைவு வரும்போது பிரியாமல் பிடிக்கும்.

கலவை போடத் தொடங்கினார்கள். அக்கா சட்டியை எண்ணிக்கொண்டே நின்றார். ஒரு மூட்டை சிமெண்ட் பிரித்தது, எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி ஜல்லி. பிறகு நேராகப் போய்க் கலவைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரும்மா, கலவ இறுகிரும்" என்றார் கொத்தனார்.

"இறுகாது. இறுகுற அளவுக்கு நீ சிமெண்டு போடல."

கொத்தனார் நம் ஆள்தான், பக்கத்துச் சேரி. தினக்கூலிக்கு வந்தவர். நூறு வீடு கட்டியவனிடம் சொல்லாதே என்று அவருக்குக் கோபம். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ நூறு வூடு கட்டுன, சரி. நான் மெட்ராஸ்ல இருவது வருசம் அடுக்குமாடிக்குக் கலவ போட்டவ. இன்ஜினியரு பக்கத்துலயே நிப்பான். ஒரு சட்டி மணலு கூடுனா கொட்டச் சொல்லுவான். ஊராரு வூட்டுக்கெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு நாலுன்னு அளந்து போட்ட கை இது. எம் வூட்டுக்கு மட்டும் ஏன் மணலா இருக்கணும்?"

என் அம்மா நினைவுக்கு வந்தார். அம்மா கட்டாத வீடு இல்லை. நாங்கள் இருந்த வீட்டின் ஒரு சுவர் ஒவ்வொரு ஐப்பசியிலும் கரையும்.

ஒப்பந்தக்காரர் வந்தார். சத்தம் போட்டார். வேலையை நிறுத்திவிட்டுப் போவேன் என்றார். அக்கா எழவில்லை. மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். இதில் என் பங்கு என்ன என்று கேட்டால், ஒன்றுதான். தவணை விடுவிக்க ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டைப் போட்டோ எடுத்து ஏற்றுவார்கள், அந்தப் போட்டோவில் பயனாளி நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "நாங்க ஏழு பேரும் போட்டோவுக்கு நிக்க மாட்டோம்" என்றார் அக்கா. கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படி இருக்கிறது என்று அந்தப் போட்டோவுக்குத் தெரியாது. ஆனால் ஆள் இல்லாவிட்டால் பணம் வராது என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரியும். மாலைக்குள் கம்பி வந்தது. பட்டை நாலு சுவரையும் சுற்றி ஓடியது. அந்தக் கொத்தனார் ரிங்கின் முனையை மடக்கும்போது அக்காவிடம் காட்டிக் காட்டி மடக்கினார். கோபத்திலா, மரியாதையிலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழில் இரண்டு வீடு அரைகுறையாகவே நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் தீர்ந்தது. ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. லிண்டல் பட்டையோடு, தளம் இல்லாமல், அழகாக நிற்கிறது அந்தச் சுவர்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் காலனி வீடுகள் மேல் கற்சுவர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுற்றுச்சுவர், சுமார் இருபது அடி உயரம். மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. அத்தனை பேரும் தலித்துகள். அந்த வாரம் எங்களுக்கு இன்னொரு ஊரில் பயிற்சி இருந்தது. ஈரமண்ணைத் தாங்கும் சுவருக்குத் தண்ணீர் வடியத் துளை வேண்டும், கனத்துக்கேற்ற அடித்தளம் வேண்டும், இடையிடையே தூண் வேண்டும் என்று சொல்லும் அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதை வெளியே எடுக்கவே கூசியது. செல்போனில் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு இளைஞன் கேட்டான்: "அண்ணே, நம்ம வூடு விழாம கட்ட நமக்குச் சொல்லித் தர்றீங்க. அவன் செவுரு நம்ம மேல விழாம கட்ட அவனுக்கு யாரு சொல்லித் தருவா?" அந்தச் சுவர் ஆபத்தானது என்று நடூர் மக்கள் முன்பே சொல்லிவந்தார்கள். பாதுகாப்பான கட்டுமானம் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாமல் இல்லை. அந்த இளைஞனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அட்டைகளில் அதற்குப் பதில் கிடையாது, அது நீதிமன்றத்திலும் தெருவிலும் கேட்டு வாங்க வேண்டிய பதில்.

போன மாதம், 2020 டிசம்பர் தொடக்கத்தில், புரெவி வந்தது. மன்னார் வளைகுடாவிலேயே நின்றுகொண்டு டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கஜா மாதிரிக் காற்று இல்லை. அதனால் மூன்றடி ஆழத்தில் நட்ட கால்கள் புயலைத் தாங்கின என்று எழுத எனக்கு ஆசையாக இருந்தாலும் எழுத முடியாது. தோப்பு விளிம்பில் 29 வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். ஊரிலேயே பள்ளமான இடம் எதுவோ அதில்தானே குடியிருக்கச் சொன்னார்கள். ஊர்த்தெருவில் வடிந்த தண்ணீர் அங்கே வந்து நிற்கும். மண்சுவர்கள் கரைந்தன. தென்னங்கால்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. தார் பூசிய பகுதி எத்தனை மழைக்குத் தாங்கும் என்று பெரியவருக்குக் கவலை.

நேற்றிரவு அவர் போன் செய்தார். பேரனின் போன். மனைப்பட்டா மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். அடுத்த வாரம் வட்டாட்சியரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். கொஞ்சம் நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அது வர்றப்ப வரட்டும் தம்பி. எடம் ரெண்டடியாவது மேடாவணும். வண்டல் அடிக்கணும், இருபது டிராக்டராவது ஆவும். சும்மா அடிச்சா காரியக்காரரு வந்துருவாரு." இருமினார். "அந்தப் பேனரு இன்னும் வச்சிருக்கியா?"